பதினோராம் பொந்து

ஹினேவாய்க்கு ஃபேர்லியை முதல் நாளிலிருந்தே ஆகாது. எட்டு வருஷத்துக்கு முன்னால் கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து வந்து இறங்கி, டோக்காருவா குடாவின் மேட்டில், கடலைப் பார்த்த பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்து வீடு கட்டிக்கொண்ட ஓய்வுபெற்ற பல் டாக்டர் அவர். ஊரில் மொத்தமே பதினேழு வீடு. பதினாறு வீட்டுக்காரர்கள் எதிரே வந்தால் காற்று, மீன், காய்ச்சல் எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டுத்தான் நகர்வார்கள். ஃபேர்லி ஒரு தலையாட்டலோடு போய்விடுவார். காலமெல்லாம் அடுத்தவர் வாயைத் திறக்கச் சொன்ன மனுஷனுக்குத் தன் வாயைத் திறக்க வராது போலிருக்கிறது என்பாள் ஹினேவாய்.

போதாக்குறைக்கு, இரண்டு வருஷத்துக்கு முன் ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று, கடலோரம் புதிதாகப் பாறைச் சுவர் போட்டால் கரையின் அழகே கெட்டுவிடும் என்று பேசியவரும் அவர்தான். அந்தப் பேச்சை அவள் மறக்கவில்லை. எப்படி மறப்பாள்? அந்தச் சுவரில்தான் இப்போது அவள் புருஷன் உயிர் தொங்கிக்கொண்டிருந்தது.

ரெவெட்டிக்கு இரண்டு சிறுநீரகமும் போய் மூன்று வருஷமாகிறது. திங்கள், புதன், வெள்ளி என்று வாரம் மூன்று நாள் டுனீடின் டவுனுக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு வர வேண்டும். போக ஒரே ரோடு, அதுவும் கடலை ஒட்டின ரோடு. ஜூன் மாதப் புயலில் பழைய பாறைச் சுவர் சரிந்து, ரோட்டில் பாதியைக் கடல் தின்றுவிட்டது. மீதிப் பாதியில் ஒரு வண்டி மூச்சைப் பிடித்துக்கொண்டு போகலாம். ஆகஸ்டு முடிவதற்குள் புதுப் பாறை போட்டாக வேண்டும். இல்லாவிட்டால் பாறை ஏற்றிவரும் லாரிகள் வேறு கரைக்குப் போய்விடும், ரோட்டை மூடிவிடுவார்கள். அதிகாரிகள் எழுதியே கொடுத்துவிட்டார்கள்.

புயலுக்குப் பிறகு ரோடு மூடியிருந்த மூன்று வாரம் ரெவெட்டி டுனீடினில் அக்கா வீட்டுக் கார் கொட்டகையில் கட்டில் போட்டுப் படுத்திருந்தான். நாற்பது வருஷம் படகில் போய்க் கல் இறால் பிடித்தவனுக்கு, ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுக் குப்பைத்தொட்டிதான் தெரிந்தது. பாதி ஆளாகத் திரும்பி வந்தவன் அன்றைக்கே சொல்லிவிட்டான்.

"இன்னொரு தடவ ரோடு போச்சுன்னா நான் டவுனுக்குப் போகமாட்டேன் ஹினே. இங்கயே படுத்துக்கிறேன்."

டயாலிசிஸை நிறுத்தினால் பத்து நாள், மிஞ்சிப் போனால் இரண்டு வாரம் என்று நர்ஸ் அவளைத் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருந்தாள். ரெவெட்டி வாய்ச்சவடால் விடுகிற ஆளும் இல்லை. சொன்னால் செய்துவிடுவான்.

சரி, சுவர் போட வேண்டியதுதானே என்றால், குறுக்கே நின்றது கொரோரா. பென்குயின் சாதியிலேயே இதுதான் குள்ளம். முழங்காலுக்குக்கூட எட்டாது, கையில் எடுத்தால் ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலம். முதுகு நீலம், வயிறு வெள்ளை. பகலெல்லாம் கடலில் கிடந்துவிட்டுப் பொழுது சாய்ந்ததும் கும்பலாகக் கரையேறி அவரவர் பொந்துக்கு நடையைக் கட்டும். ஒரு பொந்தைப் பிடித்துவிட்டால் வருஷா வருஷம் அதே பொந்துதான். பிடிவாதத்தில் கழுதைகூட அதனிடம் பிச்சை வாங்க வேண்டும். முட்டை இடுகிற காலம் வந்துவிட்டால் அது இருக்கிற பொந்தின் மேல் ஒரு கல்லைக்கூட யாரும் வைக்கக்கூடாது. சட்டம் அப்படி.

இதையெல்லாம் ஹினேவாய்க்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பத்தொன்பது வருஷமாக அந்தக் கரையின் கொரோராக்களைக் கண்காணிக்கிறவள் அவள்தான். சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் உண்டு. ரோட்டோரச் சுவரில் அவை அடையக் கூடாது என்று குடாவின் மறுகோடியில் நாற்பது மரப்பெட்டி செய்து வைத்ததும் அவள்தான். அநேகமாக எல்லா ஜோடியும் பெட்டிக்குக் குடிபோய்விட்டன. ஆனால் பழைய சுவரில் ஒன்றுகூட இல்லை என்று நிரூபித்தாக வேண்டும்.

அதற்கு ஒரு முறை உண்டு. பாறை இடுக்கில் இருந்த இருபத்து மூன்று பொந்துகளின் வாயிலும் மானுக்காச் செடியின் மெல்லிய குச்சி மூன்றை நட்டு வைப்பார்கள். பறவை உள்ளே நுழைந்தாலும் வெளியே வந்தாலும் குச்சி விழும். பத்து விடியல் தொடர்ந்து ஒரு குச்சியும் விழவில்லை என்றால், சுவர் காலி என்று ஹினேவாய் கையெழுத்துப் போடுவாள், உயிரினப் பாதுகாப்பு அலுவலகம் அனுமதி கொடுத்துவிடும். சந்தேகம் இருந்தால் மட்டும் மோப்ப நாயைக் கொண்டுவருவார்கள். அவள் கையெழுத்து விழுந்த தாளை இதுவரை யாரும் சந்தேகித்ததில்லை.

ஆறு விடியல் ஒரு குச்சியும் விழவில்லை. ஹினேவாய்க்கு மனசு லேசாகிவிட்டது. ஏழாம் நாள் தூக்கம் சீக்கிரமே கலைந்து, வழக்கத்துக்கு அரை மணி முன்னதாகவே சுவருக்குக் கிளம்பிப் போனாள். அங்கே பதினோராம் பொந்துக்கு முன்னால் ஓர் உருவம் குனிந்திருந்தது. ஃபேர்லி. கையில் ஒரு வாளி. அவளைக் கண்டதும் சட்டென்று நிமிர்ந்து, வழக்கமான தலையாட்டலைக் கொடுத்துவிட்டு மேட்டில் ஏறிப் போய்விட்டார்.

எலி அம்மணமாகப் போனால் சும்மாவா போகும்? ஹினேவாய் பொந்துக்கு ஓடிப்போய்ப் பார்த்தாள். குச்சி மூன்றும் நின்றன. வாசல் கல் மட்டும் ஈரமாக இருந்தது. வாளியில் மீன்தான் என்று அவள் அந்த இடத்திலேயே தீர்ப்பெழுதிவிட்டாள். பாறையில் மீன் நாற்றத்தைப் பூசி, எங்கிருந்தாவது நாலு நீல இறகைப் பொறுக்கி வந்து போட்டுவிட்டால் போதாதா? பென்குயின் இருக்கிறது என்று வேலை நின்றுவிடும், கண்ணாடி வீட்டிலிருந்து பார்க்கிற கடலுக்குக் குறுக்கே பாறை வராது. ரெவெட்டி செத்தால் அந்த ஆளுக்கு என்ன வந்தது!

வீட்டுக்கு வந்து இதை ரெவெட்டியிடம் கொட்டினாள். அவன் டீயில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டே, அந்த மனுஷனை அவன் பாட்டுக்கு விட்டுவிடு என்றான். அவ்வளவுதான் பதில். அவளுக்கு அதுவும் உறுத்தியது. ஏனென்றால் ஒரு மாதமாக, செவ்வாயும் வியாழனும், அவள் மரப்பெட்டிகளைப் பார்க்கப் போகிற நேரமாகப் பார்த்து ஃபேர்லி சீட்டாட வந்துகொண்டிருந்தார். வருகிறவர் வெறுங்கையோடு வருவதில்லை, ஒரு டப்பாவில் இஞ்சி பிஸ்கட் வேறு. எட்டு வருஷம் வாயைத் திறக்காத ஆளுக்குத் திடீரென்று என்ன பாசம்? நிலத்துக்குத்தான் அடிபோடுகிறார் என்று அவள் நினைத்தாள்.

"ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுததாம். நீ கண்ண மூடினா மறுநாளே இந்த எடத்துக்கு வெல பேச வருவாரு, பாத்துக்கிட்டே இரு."

"வந்தா நல்ல வெலையாக் கேளு," என்றான் ரெவெட்டி. அவளுக்கு வந்த கோபத்தில் டீக்கோப்பையைப் பாதியிலேயே பிடுங்கிக்கொண்டு போய்க் கழுவிவிட்டாள்.

அன்று சாயங்காலம் குச்சிகளைப் பிடுங்கி ஒவ்வொன்றிலும் பேனாக்கத்தியால் சின்னதாக ஒரு கீறல் போட்டாள். கீறல் எல்லாமே கடலைப் பார்த்து இருக்கும்படி மறுபடி நட்டாள். மறுநாள், எட்டாம் விடியலில் போய்ப் பார்த்தால், அறுபத்தொன்பது குச்சியும் நேராக நிற்கிறது. அறுபத்தாறு குச்சியில் கீறல் கடலைப் பார்க்கிறது. பதினோராம் பொந்தின் மூன்று குச்சியில் மட்டும் ஒன்று ரோட்டைப் பார்க்கிறது, மற்ற இரண்டும் பக்கவாட்டில் இருக்கின்றன.

யாரோ பிடுங்கி மறுபடி நட்டிருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ!

இந்த இடத்தில் நியாயமாக அவளுக்கு வேறு ஒரு யோசனை வந்திருக்க வேண்டும். அடைகாக்கத் தொடங்கிவிட்டால் கொரோரா சத்தம் போடாது என்பது அவளுக்குத் தெரியும். ஆணும் பெண்ணும் முறைவைத்து, ஒன்று முட்டை மேல் உட்கார மற்றது கடலுக்குப் போகும் என்பதும் தெரியும். பொந்துக்குள் விளக்கடித்துப் பார்த்தபோது வளைவுக்கு அந்தப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை என்பதும் நினைவிருந்தது. ஆனால் மனுஷன் மேல் சந்தேகம் விழுந்துவிட்டால் பறவை எங்கே கண்ணில் படும்? பத்தாம் நாள் காலையில் அலுவலகத்துக்காரர்கள் வரும்போது இறகும் எச்சமும் தயாராக இருக்கப்போகிறது, அதற்குத்தான் இவர் ஒத்திகை பார்க்கிறார் என்று அவள் முடிவே கட்டிவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் பெவனுக்குப் போன் போட்டாள். பெவன் உயிரினப் பாதுகாப்பு அலுவலகத்தில் மோப்ப நாய் பழக்குகிறவன். அவள் வழிச் சொந்தம், தூரத்து மருமகன் முறை. ஒருத்தர் குச்சியில் கைவைக்கிறார், பொய்த் தடயம் வைக்கப்போகிறார், உன் நாய் வந்து பொந்து காலி என்று சொல்லிவிட்டால் அந்த ஆளின் ஆட்டம் முடிந்துவிடும் என்று மூச்சு விடாமல் சொன்னாள்.

"ஆன்ட்டி, நல்லா யோசிச்சுக்குங்க. இன்னும் ரெண்டே நாள்தான். நீங்க கையெழுத்து போட்டா நாங்க நாயக் கொண்டுவரப் போறதே இல்ல. வந்துட்டா, அது என்ன சொல்லுதோ அதத்தான் நான் எழுதணும்."

"உன் நாய் பொய் சொல்லுமா?"

"சொல்லாது."

"அப்ப என்ன, கூட்டிட்டு வா."

ஒன்பதாம் நாள் விடியலில் பெவனும் அவளும் நொறுங்கின ரோட்டின் ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினார்கள். நாயின் பெயர் பிப். பறவையைக் கடித்துவிடக் கூடாது என்று வாய்க்கு மூடி போட்டிருந்தார்கள். ஹினேவாய் எதிர்பார்த்தபடியே ஃபேர்லி வாளியோடு பதினோராம் பொந்துக்கு முன்னால் இருந்தார். இந்தத் தடவை மற்றொரு கையில் ஒரு தேய்க்கிற பிரஷ். கையும் களவுமாகப் பிடித்துவிட்டோம் என்று அவளுக்கு ஒரு நிமிஷம் நெஞ்சு நிறைந்துபோனது.

"வாளியில என்ன?" என்று கேட்டாள்.

"தண்ணி. கடல் தண்ணி."

"மீன் எங்க?"

"மீனா?" என்றார் ஃபேர்லி. அவர் முகத்தில் பயம் இருந்தது. ஆனால் அது அகப்பட்டுக்கொண்டவன் பயம் மாதிரி இல்லை. அவர் நாயைப் பார்த்தார், பெவனின் சட்டையில் இருந்த முத்திரையைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"ஹினேவாய், தயவுசெஞ்சு நாயத் திருப்பி அனுப்பிடுங்க. இதுக்கு மேல எதையும் கேக்காதீங்க."

எட்டு வருஷத்தில் அவர் அவளிடம் பேசிய மிக நீளமான பேச்சு அது. அவள் அதற்கெல்லாம் மசியவில்லை. நாயை விடச் சொன்னாள். பெவன் கயிற்றைத் தளர்த்தினான். நாய் முதல் பொந்திலிருந்து ஒவ்வொன்றாக மோந்துகொண்டே போனது. பத்துப் பொந்தையும் தாண்டியது. பதினோராம் பொந்துக்கு வந்ததும் வாலை ஆட்டுவதை நிறுத்திவிட்டு, அப்படியே உட்கார்ந்துகொண்டது.

இறகு ஏற்கெனவே உள்ளே போய்விட்டது என்றாள் ஹினேவாய். வைத்துவிட்டார், படுபாவி, முந்திக்கொண்டு வைத்துவிட்டார் என்றாள். பெவன் பையிலிருந்து வளைகிற குழாய்க் கேமராவை எடுத்துப் பொந்துக்குள் நுழைத்தான். சின்னத் திரையில் கல் தெரிந்தது, வளைவு தெரிந்தது, அதற்கப்புறம் ஒரு நீலமான முதுகு தெரிந்தது. பறவை கேமராவை ஒரு கொத்து கொத்தி, எழுந்து நின்று உறுமியது. அதன் வயிற்றுக்கடியில் காய்ந்த புல்லின் மேல் இரண்டு வெள்ளை முட்டை.

ஹினேவாய் பாறை மேல் உட்கார்ந்துவிட்டாள்.

ஃபேர்லி வாளியைக் கீழே வைத்தார். பேசத் தெரியாதவர் ஒவ்வொரு வார்த்தையாகத் தேடிப் பேசினார். கண்ணாடி வீட்டிலிருந்து ஒருநாள் பொழுது சாயும்போது அது பொந்துக்குள் நுழைவதைப் பார்த்தாராம். சீட்டாடப் போனபோது ரெவெட்டியிடம் சொன்னாராம். அவளுக்குத் தெரியாமல் மறைத்துவிடச் சொல்லி ரெவெட்டிதான் கேட்டுக்கொண்டானாம். அன்றிலிருந்து தினமும், அவள் வருவதற்கு முன்னால் இறங்கி வந்து, விழுந்த குச்சியை நட்டு, வாசலில் கிடக்கிற எச்சத்தைக் கழுவிவிட்டிருக்கிறார். இரண்டு முட்டைக்காக ஒரு மனுஷன் சாவதா என்று தனக்குத் தோன்றியதாகவும், அது சரியா தப்பா என்று இன்னமும் தெரியவில்லை என்றும் சொன்னார். சுவர் வேண்டாம் என்று கூட்டத்தில் பேசியதற்கு வெட்கப்படுகிறேன் என்றும் சொன்னார். அப்போது அவருக்கு ரெவெட்டியோடு பழக்கம் இல்லை.

முட்டையை மரப்பெட்டிக்கு மாற்றிவிடலாமே என்று ஹினேவாய் கேட்டாள். மாற்றினால் தாயும் தகப்பனும் கைவிட்டுவிடும் என்று பத்தொன்பது வருஷமாக ஊருக்கெல்லாம் சொல்லி வந்தவளே அவள்தான். பெவன் அதை அவளுக்கு நினைவுபடுத்தவில்லை. அவள் கண்ணைப் பார்க்காமல் குழாயைச் சுருட்டினான்.

"நான் பாத்தது முட்டைய. வேற எதையும் நான் காதுல வாங்கல, ஃபேர்லி. ஆனா முட்டையப் பாக்காத மாதிரி இருக்க என்னால முடியாது ஆன்ட்டி. என்ன மன்னிச்சுடுங்க."

குஞ்சுகள் கடலுக்குப் போன அன்றைக்கே தானே வந்து பொந்தைச் சோதித்து, காலி என்று எழுதி, லாரியை எங்கிருந்தாலும் இழுத்துக்கொண்டு வருவதாக அவன் சத்தியம் பண்ணினான். அதற்குள் ஆகஸ்டு முடிந்து ரோட்டை மூடிவிடுவார்கள் என்பது மூன்று பேருக்கும் தெரியும். அவனுடைய தாளில் 'பதினோராம் பொந்து: அடைகாக்கும் பறவை ஒன்று, முட்டை இரண்டு' என்று எழுதி, கண்காணிப்பாளர் என்ற இடத்தில் ஹினேவாய் கையெழுத்துப் போட்டாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டதைக்கூட மன்னிக்கலாம். இவள் அதைத் துரத்திப் பிடித்து, சாட்சி வைத்து விட்டுக்கொண்டாள்.

வீட்டுக்கு நடந்து வந்த பத்து நிமிஷமும் தன்னைத்தானே திட்டிக்கொண்டு வந்தாள். வாசலை நெருங்க நெருங்க அந்தக் கோபம் ரெவெட்டி மேல் திரும்பிவிட்டது. இரண்டு கிழவன்களாகச் சேர்ந்து அவளை முட்டாளாக்கியிருக்கிறார்களே! ரெவெட்டி சமையலறை மேஜையில் உட்கார்ந்திருந்தான். ஜன்னல் வழியாக நாய் வண்டியைப் பார்த்திருக்கிறான்.

"எத்தன முட்ட?" என்று கேட்டான்.

"ரெண்டு."

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். எப்போதும் இரண்டுதானே.

"நான்தான் நாயக் கூப்பிட்டேன்," என்றாள்.

"தெரியும். வேற யாரு கூப்பிடுவா?"

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? அந்த மனுஷனப் பெவன் முன்னால திருடன் மாதிரி நிக்க வச்சிருக்கேன். முப்பத்தஞ்சு வருஷமா உங்கூட இருக்கேன், ஒரே ஒரு வார்த்த சொல்ல வாய் வரலையா உனக்கு?"

"சொல்லியிருந்தா கையெழுத்துப் போட்டிருப்பியா?"

அவள் வாயைத் திறந்தாள். போட்டிருப்பேன் என்று சொல்ல வேண்டும், அந்த ஒரு சொல் போதும். சொல் வரவில்லை. உள்ளே முட்டை இருக்கிறது என்று தெரிந்து, அதன் மேல் பாறை விழும் என்றும் தெரிந்து, காலி என்று எழுதியிருப்பாளா? அவளுக்கே தெரியவில்லை. அவனுக்குத் தெரிந்திருந்தது.

"அதான் சொல்லல," என்றான் ரெவெட்டி. "தெரியாமப் போட்டா அது பொய்யில்ல. உன்னப் பொய் சொல்ல வச்சு நான் ஒக்காந்து டீ குடிக்கவா?"

ஹினேவாய் மேஜை மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். வாய்விட்டே அழுதாள். அவன் அவள் பிடரியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். டயாலிசிஸ் ஊசி ஏறி ஏறி முண்டும் முடிச்சுமாகப் போன கை அது.

அவள் அழுகை அடங்கினதும், கணக்குப் போடு என்றான். எப்போது முடியும்? அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு விரல் விட்டாள். முட்டை இட்டு ஒன்பது நாள் பத்து நாள் இருக்கும். பொரிக்க இன்னும் நாலு வாரம். பொரித்த பிறகு எட்டு வாரத்தில் குஞ்சு கடலுக்குப் போய்விடும். நவம்பர் முதல் வாரம்.

ரெவெட்டி ஜன்னல் பக்கம் திரும்பிக் கடலைப் பார்த்தான். படுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிடப்போகிறான் என்று அவள் காத்திருந்தாள்.

"நவம்பர் வரைக்கும் அக்கா வீட்டுக் கொட்டகையில கெடக்கிறேன்," என்றான் கடைசியில். "உனக்காக. அதுக்கு மேல ஒரு நாள்கூட என்னால முடியாது ஹினே. அதுக்கு மேல என்னக் கேக்காத."

கேட்கமாட்டேன் என்றாள். ஆனால் கணக்கு அதோடு முடியவில்லை. தின்ன மீன் போதாத வருஷத்தில் கொரோரா ஒரு தடவைதான் முட்டை இடும். மீன் கொழுத்த வருஷத்தில் முதல் குஞ்சுகள் கடலுக்குப் போன கையோடு, சில சமயம் அதற்கு முன்னாலேயே, அதே பொந்தில் மறுபடி இரண்டு முட்டை இட்டுவிடும். அப்புறம் பிப்ரவரி ஆகும், பிறகு இறகு உதிர்க்க மூன்று வாரம் அங்கேயே குந்திக்கொண்டிருக்கும். இந்த வருஷம் கடலில் சின்ன மீன் இப்படி மண்டிக் கிடந்து அவள் பார்த்ததில்லை. ரெவெட்டியும் நாற்பது வருஷம் கடலில் கிடந்தவன்தான்.

"மறுபடி முட்ட போட்டா?" என்று கேட்டான்.

"போடாது," என்றாள் ஹினேவாய். "இந்த வருஷம் ஒரு தடவதான். எனக்குத் தெரியாதா?"

ரெவெட்டி அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்று சொல்லிவிட்டு, துணிப்பெட்டியை எடுக்க எழுந்து போனான்.